பசை மாஸ்டரின் ஏழாம் நோட்டு

“மொட்டைக் கடுதாசிக்குக்கூட என்ன பேப்பர் வாங்கியிருக்கான் பாருங்க அண்ணி” என்றான் கொழுந்தன். “நான் வேலைக்கு மனு போட்டபோதுகூட இவ்வளவு வழவழப்பா வாங்கல. அதான் வேலை கிடைக்கல போல.”

அண்ணி கடிதத்தை அவனிடம் விட்டுவிட்டு, அது வந்த உறையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருடம் தேர்வுக் கூடங்களில் பறக்கும் படையாக இருந்தவர் அண்ணி. சட்டைக் கை மடிப்பு, கால்குலேட்டர் மூடி, தண்ணீர் பாட்டிலின் லேபிள் என்று எங்கே பிட்டு ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடிப்பார். அந்த வேலையை விட்டதும் துப்பறிய வந்தார். கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவன் அவர் கணவரின் தம்பி. வயது நாற்பத்து நான்கு. வழக்கு கொண்டுவருகிறவர்கள் எதிரிலும் “அண்ணி, அண்ணி” என்று கூப்பிட்டே அவருடைய பெயரை அழித்துவிட்டான். பதிலுக்கு ஊர் அவனுக்குக் கொழுந்தன் என்றே பெயர் வைத்தது.

ஷூ கம்பெனியின் மூன்றாவது மாடி. காலை பதினொரு மணி. எதிரே உட்கார்ந்திருந்த முதலாளி, பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

“ரெண்டு வருஷமா பல்கலைக்கழகத்தோட சேர்ந்து வேலை பாக்கறோம்மா” என்றார். “அவங்க படிப்பு, எங்க அனுபவம். வாரத்துல ரெண்டு நாள் எங்க பசை மாஸ்டர் அவங்க லேபுக்குப் போவாரு. ஒரு நாள் அவங்க ஆராய்ச்சி டாக்டரம்மா இங்க வந்து ஷூ ஒட்டற லைன்ல நிப்பாங்க. புதுசா ஒரு பசை. எவ்வளவு நடந்தாலும் சோல் விடாது. ஆனா கொதிக்கிற தண்ணியில கால் மணி நேரம் போட்டா தானா கழண்டுக்கும். சோல் தேஞ்சா சோலை மட்டும் மாத்திக்கலாம், ஷூவைத் தூக்கிப் போட வேண்டாம்.”

“அப்புறம் உங்க வியாபாரம்?” என்றான் கொழுந்தன்.

“போட்டிக் கம்பெனிக்காரன் முதல்ல கொண்டுவந்தா என் வியாபாரம் போகும். நான் கொண்டுவந்தா அவனுது போகும்.” முதலாளியின் கண்ணில் ஒரு மினுக்கு வந்து போனது. “இன்னிக்கு நாலு மணிக்கு அடுத்த அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்து. காலைல இந்தக் கடுதாசி. இதே மாதிரி இன்னொண்ணு அங்க பதிவாளருக்கும் போயிருக்கு. ஆராய்ச்சி நோட்டு வைக்கற அலமாரியைத் திறந்து பாத்திருக்காங்க. ஆறாம் நோட்டு இருக்கு, எட்டாம் நோட்டு இருக்கு. ஏழு இல்ல.”

கொழுந்தன் கடிதத்தை உரக்கப் படித்தான். ஸ்கேல் வைத்து வரைந்த கட்டை எழுத்துகள்.

“ஐயா, உங்கள் பசை மாஸ்டர் கூட்டு ஆய்வின் ஏழாம் நோட்டைப் போட்டிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரை ஆய்வகத்தில் உட்கார வைத்தால் இதுதான் நடக்கும். பதினாறு வருட உழைப்பைவிட அவருடைய கட்டைவிரல் பெரிதாகிவிட்டது. அவரைக் கேட்காமல் அங்கே ஒரு வரிகூட எழுதப்படுவதில்லை.”

“நாலு மணிக்குள்ள உண்மை தெரியலன்னா ஒப்பந்தம் போச்சு” என்றார் முதலாளி. “மாஸ்டர் மேல போலீஸ்ல புகார் குடுன்னு பதிவாளர் நிக்கிறாரு. இருபத்தாறு வருஷமா எங்கிட்ட இருக்கற மனுஷன்மா.”

“உறையைப் பக்கவாட்டுல கிழிச்சிருக்கீங்க. நல்ல காரியம் பண்ணீங்க” என்றார் அண்ணி. மூடியிருந்த மடிப்பை மெதுவாகப் பிரித்தார். “இங்க பாருங்க. மடிப்புலயும் பசை இருக்கு, உறை மேலயும் பசை இருக்கு. ரெண்டு பக்கமும் தடவியிருக்கான். ஆனா பேப்பர்ல ஒரு சுருக்கம்கூட இல்ல. ஈரத்தோட ஒட்டலை. காய விட்டு அப்புறம் ஒட்டியிருக்கான். கவர் ஒட்ட இத்தனை பொறுமை யாருக்கு இருக்கும்?”

முதலாளி பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

“எங்க ஆளுங்களுக்கு” என்றார். “சோல்லயும் தடவணும், மேல்தோல்லயும் தடவணும். விரல்ல ஒட்டாத பதத்துக்குக் காயணும். அப்புறம்தான் ரெண்டையும் சேர்க்கணும். ஷூ லைன்ல முதல் நாளே சொல்லிக் குடுக்கறது இதைத்தான்.”

*

இயந்திரச் சத்தத்துக்கு நடுவே பசை மாஸ்டர் இருந்த மூலை மட்டும் அமைதியாக இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். வலது கட்டைவிரலின் ரேகை தேய்ந்து வழவழவென்று பளபளத்தது. வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் உட்காரவில்லை.

“ஒரு கவர் ஒட்டிக் காட்டுறீங்களா மாஸ்டர்?” என்றார் அண்ணி.

“நானும் ஒட்டறேன்” என்று கொழுந்தன் குறுக்கே விழுந்தான். புதுப் பசையின் சின்னப் புட்டி ஒன்றைத் திறந்து, மடிப்பில் கொழகொழவென்று அப்பி உடனே அமுக்கினான். மடிப்பு ஒட்டவில்லை. அவன் ஆள்காட்டி விரல் ஒட்டிக்கொண்டது.

மாஸ்டர் ஒரே இழுப்பில் மடிப்பில் தடவினார். இன்னொரு இழுப்பில் உறைமேல் தடவினார். இரண்டையும் திறந்தபடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் போனதும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு மடித்து அமுக்கி, சின்னச் சுத்தியலால் ஓரமெல்லாம் டொக் டொக்கென்று தட்டினார்.

“தட்டாம விடமாட்டீங்களா?”

“தட்டலன்னா ஒட்டின மாதிரியே இருக்காதும்மா.”

அண்ணி அதையும் காலையில் வந்த உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மொட்டைக் கடிதத்தின் உறையில் தட்டின தடம் இல்லை.

“உங்க மேல யாருக்கு வயித்தெரிச்சல்?”

மாஸ்டர் கசப்பாகச் சிரித்தார். “லைன்ல இருக்கற எல்லாருக்கும்தான். அவன் மட்டும் ஏசி ரூம்ல உக்காந்து கலக்குறான், நாம இங்க புகையில சாகறோம்னு. தப்பு சொல்ல மாட்டேன். எனக்கே டாக்டரம்மா மேல பொறாமை உண்டு. இருபத்தாறு வருஷமா என் விரலுக்குத் தெரிஞ்சது ஒவ்வொண்ணுக்கும் அவங்ககிட்ட ஒரு பேர் இருக்கு. எனக்கு விரல் மட்டும்தான் இருக்கு. பேர் தெரிஞ்சவங்களைத்தானே உலகம் கேக்குது?”

“அந்த ஏழாம் நோட்டுல என்ன இருக்கு?”

“முக்காவாசி என் எழுத்து.” அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்தது. “ஆறு நோட்டு வரைக்கும் பசையை மாத்தி மாத்திக் கலந்தாங்கம்மா. ஒண்ணு ஒட்டிக்கிட்டா வெந்நீர்ல விடாது. விட்டா, வெயில்லயே விட்டுடும். ஒரு நாள் நான்தான் சொன்னேன், பசையில குத்தம் இல்ல, தோலை உரசற விதத்துல இருக்கு. நீளவாக்குல உரசாதீங்க, குறுக்க உரசுங்கன்னு. டாக்டரம்மா சிரிக்கல. செஞ்சு பாத்தாங்க. நின்னுச்சு. அவங்களே நோட்டை என் கையில குடுத்து, நீங்க சொன்னதை நீங்களே எழுதுங்க மாஸ்டர்னாங்க. நிறையத் தப்பு வரும்மான்னேன். வந்தா வரட்டும், பேனா உங்க கையில இருக்கட்டும்னாங்க.”

சொல்லிவிட்டுப் பசைப் புட்டியை இறுக்கி மூடினார்.

வெளியே வந்ததும் கொழுந்தன் விரலை ஊதிக்கொண்டே கேட்டான். “அப்போ லைன்ல இருக்கற எவனோ ஒருத்தன்தானே அண்ணி? ஒட்டத் தெரிஞ்சவன், வயித்தெரிச்சல்காரன்.”

“லைன்ல இருக்கறவன் மொட்டைக் கடுதாசி எழுதினா எப்படி எழுதுவான்? சொல்லுங்க தம்பி.”

“கொடுத்துட்டான், வித்துட்டான், ஏமாத்திட்டான்...” கொழுந்தன் சட்டென்று நின்றான். “இதுல ‘கொடுத்துவிட்டார்’னு இருக்கு.”

“எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரை. அவருடைய கட்டைவிரல். அவரைக் கேட்காமல். திட்டும்போதுகூட ‘ர்’ விட மனசு வரல. மொட்டைக் கடுதாசியில மரியாதை குடுக்கறவனை நான் இப்பத்தான் பாக்கறேன். நாள் பூரா மேடையில நின்னு பேசற வாய் அது. சீக்கிரம் வாங்க, மணி பன்னெண்டரை.”

*

பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் நீளமாக, வெள்ளையாக இருந்தது. சுவரோரத்தில் ஒரு மேசைமேல் ஷூக்கள் ஜோடி ஜோடியாக வெந்நீர்த் தொட்டிக்குக் காத்துக் கிடந்தன. டாக்டரம்மா, நாற்பதைத் தொட்டவர். கண்கள் சிவந்திருந்தாலும் குரல் திடமாக இருந்தது.

“அலமாரிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு மாஸ்டர்கிட்ட, ஒண்ணு என் கொத்துல. பூட்டு உடையல. அதனால மாஸ்டர்தான்னு பதிவாளர் முடிவே கட்டிட்டாரு.”

“நீங்க?”

“அந்த நோட்டுல இருக்கறதே அவரோட கண்டுபிடிப்பு. தன் வீட்லயே யாராவது திருடுவாங்களா?”

அண்ணி கடிதத்தை நீட்டினார். டாக்டரம்மா படித்தார். கடைசி வரியைப் படித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். மறுபடி மேலிருந்து படித்தார்.

“இந்த வேலைக்கு வயசே ரெண்டுதான். பதினாறு வருஷம்னு ஏன் எழுதியிருக்கு?”

“அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன். இன்னொண்ணு பாருங்க. ‘ஆறாம் நோட்டை’ன்னு எழுதி, அடிச்சுட்டு, மேல ‘ஏழாம்’னு திருத்தியிருக்கு. அடிச்சிருக்கற விதம் எப்படி?”

“ஒரே கோடு” என்றார் டாக்டரம்மா தன்னையறியாமல். “அடிச்சதும் படிக்கத் தெரியணும். ஆய்வு நோட்டுல அதான் சட்டம். கிறுக்கி மறைச்சா நோட்டே செல்லாது. மாஸ்டருக்கும் முதல் நாளே சொல்லிக் குடுத்தேன்.”

கொழுந்தன் அண்ணியின் காதோரம் குனிந்தான். “ஒட்டினது ஷூ கம்பெனி. அடிச்சது காலேஜு. ரெண்டும் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தரு சுத்தியலால தட்டுவாரு. மிச்சம் இருக்கறது...” என்று கண்ணால் டாக்டரம்மாவைக் காட்டினான்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. வெளிர்நீலச் சட்டை, காதோரம் நரை, கையில் சாப்பாட்டுப் பை. உள்ளே வந்தவர் துறைத் தலைவர். டாக்டரம்மாவின் கணவரும் அவர்தான்.

“மணி ஒண்ணாச்சு. நீ இன்னும் சாப்பிடல.”

“வச்சுட்டுப் போங்க. மாஸ்டருக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்து சாப்பிடறேன்.”

பையை வைத்தார். வைத்த பிறகும் அதன் காதைச் சரிசெய்துகொண்டே நின்றார். பிறகு அண்ணியைப் பார்த்து வணங்கினார். “வருத்தமான விஷயம். எனக்கு அந்த ஃபேக்டரி எந்தத் திசையில இருக்குன்னுகூடத் தெரியாது. இருந்தாலும் முதல்லயே சொன்னேன், வெளி ஆளுங்ககிட்ட எல்லாத்தையும் திறந்து காட்ட வேண்டாம்னு.”

“அவர் வெளி ஆள் இல்ல” என்றார் டாக்டரம்மா, தலையை நிமிர்த்தாமலே.

துறைத் தலைவர் புன்னகையோடுதான் போனார். கதவை மட்டும், தேவைக்குமேல் மெதுவாகச் சாத்தினார்.

“ஒரு கவர் ஒட்டுங்க டாக்டர்” என்றார் அண்ணி.

டாக்டரம்மா இரண்டு பக்கமும் தடவினார். கைக்கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிடம் காத்திருந்தார். மடித்து அமுக்கினார். தட்டவில்லை. அவர் ஒட்டிய உறையும் மொட்டைக் கடிதத்தின் உறையும் அக்கா தங்கை மாதிரி இருந்தன.

டாக்டரம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. “நான் எழுதல” என்றார். “என் ஆய்வை நானே ஏன்...”

“நீங்க எழுதினதா நான் சொல்லவே இல்லையே. இந்த வித்தையை வேற யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கீங்களா?”

“இல்ல. ஒருத்தருக்கும் இல்ல.”

*

நடைபாதையில் கொழுந்தன் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். திட்டம் தொடங்கிய அன்று கம்பெனி எல்லாருக்கும் ஆளுக்கொரு பசைப் புட்டி கொடுத்திருந்தது. மேசைக்கு மேசை அது நின்றது.

“கேட்டுப் பாத்துட்டேன் அண்ணி. மொத்தக் கூட்டமும் என்னைப் போலத்தான். அப்பறாங்க, உடனே ஒட்டறாங்க, ஒட்டலன்னு கம்பெனியைத் திட்டறாங்க. சந்தேகமே இல்ல, டாக்டரம்மாதான். மாஸ்டர் ஒரே நாள்ல கண்டுபிடிச்சாரு, இவங்களால ஆறு நோட்டுலயும் முடியல. எந்த மனசுக்குத்தான் பொறுக்கும்? போன மாசம் பேப்பர்ல நம்ம போட்டோ வந்துச்சே. உங்க முகம் முழுசா இருந்துச்சு, என்னோடது முழங்கை மட்டும். நானே ரெண்டு நாள் சரியா சாப்பிடல.”

“அந்தம்மாதான் பேனாவை அவர் கையில குடுத்தாங்க தம்பி. பொறுக்காத மனசு பேனாவைக் குடுக்காது.”

“அப்போ யாருக்கும் சொல்லிக் குடுக்காத வித்தை எப்படி வெளியில போச்சு?”

“அதான் புரியல.”

“சொல்லித்தான் குடுக்கணுமா என்ன?” என்றான் கொழுந்தன் சலிப்போடு. “நான் வெளியில எதைக் கத்துக்கிட்டு வந்தாலும் நாலு நாள்ல என் வீட்டுக்காரிக்கு அது அத்துப்படி. நான் வாயே திறக்கறதில்ல. பூட்டு திறக்க நீங்க எனக்குக் கத்துக் குடுத்தீங்க. இப்போ என் பீரோ...”

அண்ணி நின்றுவிட்டார். அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு வருடத்துக்கான பாராட்டு இருந்தது.

“வாங்க” என்றார். “துறைத் தலைவர் ரூம் எது?”

*

அறை சுத்தமாக இருந்தது. மேசையில் பேனாக்கள் உயர வரிசையில் நின்றன. அவற்றின் பக்கத்தில் பசைப் புட்டி. துறைத் தலைவர் எழுந்து நாற்காலி காட்டினார்.

“ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல சார்” என்றார் அண்ணி. “பதிவாளருக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கேன். எடுத்துட்டுப் போற ஆள் பிரிச்சுப் பாக்கக் கூடாது. கொஞ்சம் ஒட்டிக் குடுக்கறீங்களா? எனக்கு இந்தப் பசை கைவசப்படல. இவருக்கு விரலே ஒட்டிக்கிச்சு.”

“எல்லாரும் பண்ற தப்புதான்” என்று சிரித்துக்கொண்டே வாங்கினார். மடிப்பில் ஒரு இழுப்பு. உறைமேல் ஒரு இழுப்பு. திறந்தபடி மேசையில் வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. கொழுந்தன்கூட வாயைத் திறக்கவில்லை.

“ஏன் சார் ஒட்டாம காத்துக்கிட்டிருக்கீங்க?” என்றார் அண்ணி மிருதுவாக.

“காயணும். நாலு நிமிஷ...”

அந்த வார்த்தை பாதியிலேயே நின்றது. அவர் உறையைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். மறுபடி உறையைப் பார்த்தார்.

“ஃபேக்டரி எந்தத் திசைன்னே தெரியாதுன்னீங்க. எங்க பழகினீங்க?”

துறைத் தலைவரின் குரலில் மேடைக் கம்பீரம் இல்லை. “வீட்ல. என் செருப்பு வார் பிஞ்சு போச்சு. அவ உக்காந்து ஒட்டினா. மூக்குக்கண்ணாடிக் கூடு பிஞ்சுது, அதையும் ஒட்டினா. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். இப்பல்லாம் அவகூட உக்காரக் கிடைக்கற நேரம் அந்த நாலு நிமிஷம்தான். அப்பவும் மாஸ்டர் இப்படிச் சொன்னாரு, மாஸ்டர் அப்படிச் சொன்னாருன்னுதான் பேச்சு.”

“சாவி?”

“வீட்டுச் சாவியோட ஒரே கொத்து.”

“பதினாறு வருஷம்னு எழுதினது?”

“அவளோட முதல் கட்டுரையை நான் படிச்சதுலேருந்து.” துறைத் தலைவர் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். “அப்போ எங்களுக்குக் கல்யாணம்கூட ஆகல. அன்னிலேருந்து அவ எழுதின எந்தப் பக்கமும் என் கண்ணைத் தாண்டி வெளியில போனதில்ல. அவளும் என்னைக் கேக்காம ஒரு வரி எழுத மாட்டா. ஆறு நோட்டு வரைக்கும் தினம் சாயங்காலம் கொண்டுவந்து காட்டுவா. ஏழாவது வரல. ஒரு வாரம் பொறுத்தேன், ஒரு மாசம் பொறுத்தேன். ஒரு நாள் நானே கேட்டேன். அதுக்கு அவ, மாஸ்டர் பாத்துட்டாருங்க, சரியா இருக்காம்னா. அவ அதைச் சாதாரணமாச் சொன்னா. வேற ஒருத்தனை அவ மனசுல வச்சிருந்தாக்கூட நான் அவ்வளவு எரிஞ்சிருக்க மாட்டேன்.”

கதவருகே ஏதோ அசைந்தது. டாக்டரம்மா நின்றிருந்தார். தொட்டும் பார்க்காத சாப்பாட்டுப் பை அவர் கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

“நோட்டு எங்க?” என்றார்.

துறைத் தலைவர் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். தடித்த நோட்டு. அட்டையில் பெரிதாக ஏழு. அதை மனைவியிடம் நீட்டினார். ஒரு பக்கமும் கிழியவில்லை.

“படிச்சீங்களா?”

“முழுசா. மூணு தடவை.”

“அந்த மாஸ்டரோட பக்கத்தை?”

“படிச்சேன். ஒரு வார்த்தைகூடப் பிழையில்லாம இல்ல. எழுத்து கோணல் மாணல்.” அவர் குரல் உடைந்தது. “ஆனா சொன்னது சரி. எப்படிப் பாத்தாலும் சரி. நான் அதை யோசிச்சிருக்கவே மாட்டேன். தப்பா மட்டும் இருந்திருந்தா அன்னிக்கே திருப்பி வச்சிருப்பேன்.”

டாக்டரம்மா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். அழவில்லை. “அவர் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருப்பாரு இன்னிக்கு” என்றார். “உங்களுக்கு அது தோணவே இல்லையா?”

“ஒப்பந்தம் நின்னு போனா போதும்னு இருந்தேன். அவர் அவர் இடத்துக்குப் போயிடுவாரு, நீ வீட்டுக்கு வந்துடுவன்னு.”

“மணி மூணேகால்” என்றார் அண்ணி. “நாலு மணிக்கு எல்லாரும் கூடறாங்க. அங்க நான் பேசட்டுமா, நீங்க பேசறீங்களா சார்?”

*

துறைத் தலைவரே பேசினார். பதிவாளர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார். ஷூ கம்பெனி முதலாளி இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தார். நீள மேசையின் கோடியில் மாஸ்டர் இருந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கைது பண்ண வருகிறவர்கள் எதிரில் அழுக்காக நிற்கக் கூடாது என்று போட்டதாம். அதைப் பிறகு கொழுந்தனிடம் சொன்னார்.

துறைத் தலைவர் அவரிடம் போய்க் கை கூப்பினார். “என்னை மன்னிச்சிடுங்க.”

“மன்னிப்பெல்லாம் எனக்கு இப்போ வராது சார்” என்றார் மாஸ்டர். குரல் உயரவில்லை. “காலைலேருந்து என் லைன்ல அத்தனை பேரும் என்னைத் திருடனாப் பாத்தாங்க. நேத்து வரைக்கும் என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டவன் எல்லாம் இன்னிக்குப் பாவப்பட்டான். அதைத்தான் தாங்க முடியல. கடுதாசியில எழுதினது பொய்னு எழுதிக் குடுங்க. ஸ்கேல் வைக்காம, உங்க சொந்தக் கையெழுத்துல. அதை எங்க ஃபேக்டரி வாசல்ல ஒட்டணும்.”

துறைத் தலைவர் எழுதினார். அரைப் பக்கம். கீழே பெயரும் பதவியும் போட்டார். பிறகு இன்னொரு தாளை எடுத்து, பதவியிலிருந்து விலகுவதாக இரண்டு வரி எழுதிப் பதிவாளர் பக்கம் தள்ளினார்.

பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பந்தத்தை முதலாளி முன்னால் வைத்தார். “ஒரு நிமிஷம்” என்றார் டாக்டரம்மா. ஒப்பந்தத்தோடு இணைத்திருந்த காப்புரிமை விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் தட்டச்சாகியிருந்த தன் பெயருக்கு மேலே மாஸ்டரின் பெயரை எழுதினார். மாஸ்டர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆனால் டாக்டரம்மா எழுதி முடிக்கிற வரைக்கும் அந்த எழுத்துகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கையெழுத்துகள் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். கொழுந்தன் நோட்டீஸை வாங்கிக்கொண்டு மாஸ்டரோடு முன்னால் போனான். இந்தத் தாளை எந்தப் பசையால் ஒட்டினால் வெந்நீர் ஊற்றினாலும் வராது என்று அவரைக் கேட்டுக்கொண்டே போனான். மாஸ்டர் அன்று முதல் தடவையாக மனம்விட்டுச் சிரித்தார்.

அண்ணி வெளியே வந்தபோது மாடிப்படியில் கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். நடுவே இரண்டு படி இடைவெளி.

“வீட்டுக்குப் போலாமா?” என்றார் கணவர்.

“நீங்க போங்க. எனக்கு எழுத வேண்டியது இருக்கு. எட்டாம் நோட்டு பாதியில நிக்குது.”

அவர் தலையசைத்தார். இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். கேட்கலாமா கூடாதா என்று அவர் உதடு தவித்தது அண்ணிக்கே தெரிந்தது.

“எழுதினதும்... எனக்குக் காட்டுவியா?”

டாக்டரம்மா கையிலிருந்த ஏழாம் நோட்டைப் பார்த்தார். கோபம் போகவில்லை, அது போக நாளாகும் என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் பதினாறு வருடமும் அங்கேயேதான் இருந்தது.

“காட்டறேன்” என்றார். “மாஸ்டர் படிச்சதுக்கு அப்புறம்.”